ஃபெண்டரா, மார்ஷலா, வாக்ஸா? கிட்டார் ஆம்ப் வாங்கும் முன் உங்க ரூமைக் கொஞ்சம் பாருங்க!

கிட்டார் வாங்கியாச்சு. யூடியூப் பார்த்துப் பார்த்து விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போச்சு. போன வருஷம் எட்டாத கனவாத் தெரிஞ்ச ரிஃப்பை இப்போ கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறீங்க. ஆனாலும் ஒண்ணு இடிக்குது. நோட்ஸ் சரி, டைமிங் சரி... அந்தப் பாட்டுல கேக்குற சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. கிட்டாரோட சேர்த்துக் கடையில கொடுத்த அந்தக் குட்டி டப்பா, எந்தக் குமிழைத் திருகினாலும் தகரக் கூரையில மழை பெய்யுற மாதிரியே கத்துது.

தப்பு உங்க கையில இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் என்பது பாதி வாத்தியம்தான். கம்பியின் அதிர்வை பிக்கப் ஒரு சின்ன மின் சிக்னலாக மாற்றித் தருகிறது. அதோடு கிட்டாரின் வேலை முடிந்தது. அந்த சிக்னலைப் பெரிதாக்கி, ஓரங்களை மழுக்கி, தேவையென்றால் கொஞ்சம் அழுக்காக்கி, அதற்கு ஒரு குரல் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். வீணைக்குக் குடம் எப்படியோ, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் அப்படி.

சரி, நல்ல ஆம்ப் ஒண்ணு வாங்கிடலாம்னு முடிவு பண்ணி நாலு பேர்கிட்ட கேட்டா, அங்கேதான் ஆரம்பிக்கும் பஞ்சாயத்து. ஒருத்தர் ஃபெண்டரைத் தாண்டி உலகமே இல்லைம்பார். இன்னொருத்தர் மார்ஷல் இல்லாட்டி அது ராக்கே இல்லைம்பார். மூணாவது ஆள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துட்டு 'வாக்ஸ்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு டீயைக் குடிப்பார். மூணு பேர் சொல்றதும் உண்மை. மூணு பேரும் உங்க ரூம் எவ்வளவு பெருசுன்னு கேட்கலை, அதுதான் பிரச்னை.

நான் மாட்டின கதையை முதல்ல சொல்லிடுறேன். முதல் வேலை, முதல் சில மாசச் சம்பளம். கண்ணும் கண்ணுமா சேர்த்து வெச்சு ஒரு செகண்ட் ஹேண்ட் 40 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் வாங்கினேன். எந்த பிராண்டுன்னு இங்கே சொல்லலை, ஏன்னா தப்பு அதோடது இல்லை. வாங்கின இடத்துல வால்யூமை பாதிக்கு மேல வெச்சு ஒரு கார்டு அடிச்சுக் காட்டினாங்க. உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அபார்ட்மென்ட் ரூம்ல ஆன் பண்ணினா, வால்யூம் குமிழ் 1-ல சத்தமே இல்லை, 2-ல ஊரே எழுந்துக்குது. இரண்டாவது நாள் கீழ்வீட்டு அங்கிள் கதவைத் தட்டினார். 'தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா பொண்ணுக்குப் பரீட்சை'ன்னார். அவ்வளவு மரியாதையாச் சொன்ன பிறகு என்ன பண்ண முடியும்? எட்டு மாசம் அந்த ஆம்ப் மேல துவைச்ச துணியை மடிச்சு வெச்சோம். அப்புறம் நஷ்டத்துக்கு வித்தேன். அந்த எட்டு மாசமும் கிட்டாரைத் தொட்ட நாள்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

அதனால இந்தக் கட்டுரையில 'எந்த பிராண்டு பெஸ்ட்?' என்ற கேள்விக்கு பதில் கிடையாது. ஒவ்வொரு பிராண்டும் எதுக்குப் பேர் வாங்கினது, அந்தப் பேர் வாங்கின சத்தம் எவ்வளவு வால்யூம்ல வருது, அது உங்க வீட்டுக்குள்ள நுழையுமா... இதைத்தான் பார்க்கப்போறோம்.

ஒரே சர்க்யூட், ரெண்டு குரல்

கதை அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஆரம்பிக்கிறது. கடைக்காரர் லியோ ஃபெண்டர். ரேடியோவுக்குள் இருக்கும் அதே வால்வுகளை வைத்து இசைக்கலைஞர்களுக்கு ஆம்ப் செய்ய ஆரம்பித்தார். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழல்தான் இன்றைக்கும் கிட்டார்காரர்கள் உருகி உருகிப் பேசும் 'ட்யூப்'.

1950-களில் ஃபெண்டர் 'பாஸ்மேன்' என்று ஒரு ஆம்ப் செய்தது. பேரிலேயே இருப்பதுபோல அது பேஸ் கிட்டாருக்கானது. ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடல் தாண்டி லண்டன். ஹேன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்மர் ஒரு டிரம்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த கிட்டார் பையன்கள், அமெரிக்க ஆம்ப் விலை கட்டுப்படியாகவில்லை, அந்த மாதிரி ஒன்றை இங்கேயே செய்து தாருங்களேன் என்று கேட்க, அவரும் அவரது ஆட்களும் அந்த பாஸ்மேன் சர்க்யூட்டையே மாதிரியாக வைத்து 1962-ல் 'ஜேடிஎம்45' என்ற முதல் மார்ஷல் ஆம்பைச் செய்தார்கள். ஜிம், அவர் மகன் டெர்ரி, மார்ஷல்: பேர் வந்த வழி அதுதான். (எழும்பூரில் பழைய ஆட்கள் சொல்லும் மார்ஷல்ஸ் ரோட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.)

இப்போ ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. ஃபெண்டரும் மார்ஷலும் ஜென்ம எதிரிகள் மாதிரி பேசறோமே, மார்ஷலோட முதல் ஆம்ப் கிட்டத்தட்ட ஃபெண்டரோட சர்க்யூட்தான்! அப்புறம் எப்படிச் சத்தம் வேற?

உள்ளே இங்கிலாந்தில் கிடைத்த உதிரிப் பாகங்கள். முதல் கட்டத்தில் சிக்னலை இன்னும் அதிகமாகப் பெருக்கும் வேறு வகை ட்யூப். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்பீக்கர். பாஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர்கள். மார்ஷலில் நாலா பக்கமும் மூடிய பெட்டிக்குள் நான்கு 12 இன்ச் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். திறந்த பெட்டி அறை முழுவதும் காற்றோட்டமாகப் பரவும். மூடிய பெட்டி நெஞ்சில் குத்தும். அவ்வளவுதான் விஷயம். ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் ஊற்றலாம்.

இந்தக் கதையை நான் இழுத்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. 'டோன் எங்கே இருந்து வருது?' என்ற கேள்விக்கு, பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிட ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் பங்கு அதிகம். 8 இன்ச் ஸ்பீக்கர் உள்ள ஒரு குட்டி ஆம்பில் எந்த லோகோ ஒட்டியிருந்தாலும் அது 12 இன்ச்சின் உடம்பைக் கொடுக்காது.

மூணு குடும்பம், மூணு குணம்

ஃபெண்டர் என்றால் 'க்ளீன்'. 1963-ல் வந்த ட்வின் ரிவெர்ப்தான் இதன் உச்சம். 85 வாட்ஸ், இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், எவ்வளவு ஏற்றினாலும் சத்தம் உடையாமல் கண்ணாடி மாதிரி நிற்கும். கூடவே ஸ்பிரிங் ரிவெர்ப், கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் ஒரு ஈரம். இதன் தம்பி டீலக்ஸ் ரிவெர்ப், 22 வாட்ஸ், ஒரே ஒரு ஸ்பீக்கர். பாதிக்கு மேல் ஏற்றினால் லேசாகக் கரகரக்க ஆரம்பிக்கும், அந்தக் கரகரப்புக்காகவே இதை வாங்குபவர்கள் உண்டு. இந்த வகை ஃபெண்டர்களின் டோன் குமிழ்கள் நடு அலைவரிசையைக் கொஞ்சம் குழித்துவிடும். தனியாக வாசித்தால் ரொம்ப அழகு. ஆனால் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு சேர்ந்த கூட்டத்தில் சமயத்தில் உங்கள் கிட்டார் காணாமல் போகும். மிட் குமிழ் இருந்தால் அதை ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் குறைத்துப் பாருங்கள். தொலைந்தவர் திரும்பி வருவார்.

மார்ஷல் இதற்கு நேர் எதிர். நடு அலைவரிசைதான் அதன் மூலதனம். மனிதக் குரல் இருக்கும் அதே இடம் என்பதால் கூட்டத்திலும் துருத்திக்கொண்டு கேட்கும். 1966-ல் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் இசைக்குழுவில் ஒரு லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் காம்போவில் செருகி வாசித்த ஆல்பம் வந்தது. அதற்குப் பிறகு ராக் கிட்டார் என்றாலே இந்தச் சத்தம்தான் என்றாகிப்போனது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, 100 வாட்ஸ் மார்ஷல் வந்தது. எட்டு ஸ்பீக்கர்களையும் ஒரே பெட்டியில் அடைத்துப் பார்த்தார்கள். தூக்குகிற ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டதால் அதை இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடைகளின் பின்னால் சுவர் மாதிரி நிற்குமே, அது பிறந்த கதை இதுதான். 1981-ல் வந்த ஜேசிஎம்800 ஹார்டு ராக், மெட்டல் பக்கம் போனது.

வாக்ஸ் மூன்றாவது ரகம். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் கம்பெனிக்காக டிக் டென்னி வடிவமைத்தது. முதலில் ஏசி15 வந்தது. 'தி ஷேடோஸ்' குழுவுக்கு மேடையில் சத்தம் பத்தவில்லை என்று அதையே இரட்டிப்பாக்கி ஏசி30. பீட்டில்ஸ் ஆரம்ப நாள்களில் வாசித்தது இதில்தான். குயீன் குழுவின் பிரையன் மே பின்னால் அடுக்கி வைத்திருப்பதும் இதைத்தான். இதன் மேல்சுரங்கள் சின்ன மணிகளை ஒன்றாகக் குலுக்கியதுபோல் மினுமினுக்கும். ரிதம் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது தேன். ஒரு விஷயம், ஏசி30 முப்பது வாட்ஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். எடையும் முப்பது கிலோவுக்கு மேல், சத்தமும் சின்ன மண்டபத்துக்குப் போதும்.

இவர்கள் தவிர மெசா பூகி என்று ஒரு குடும்பம். கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், ஃபெண்டரின் சின்ன ஆம்ப்களைப் பிரித்து, சிக்னலை ஒரு படிக்கு மேல் இன்னொரு படி என்று அடுக்கடுக்காகப் பெருக்கும்படி மாற்றினார். அதில் மயங்கியவர்களில் ஒருவர் கார்லோஸ் சன்டானா. ஒரு நோட்டை அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அது பாடிக்கொண்டே இருக்கும். பின்னாளில் மெட்டல் உலகமும் இங்கே குடிவந்தது. அருமையான ஆம்ப், ஆனால் முன்பக்கக் குமிழ்களைப் பார்த்தால் விமான காக்பிட் ஞாபகம் வரும். முதல் ஆம்பாக இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க

இனிமே வர்றதுதான் உங்க பணத்தைக் காப்பாத்துற பகுதி.

ஃபோன்ல ராமைப் பார்க்கிற மாதிரி ஆம்ப்ல வாட்ஸைப் பார்ப்போம். 100 வாட்ஸ்னா 50 வாட்ஸைவிட இரண்டு மடங்கு சத்தம்னு நினைப்போம். கிடையாது. பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது 100 வாட்ஸ் மார்ஷலின் பாதிச் சத்தத்தைக் கிட்டத்தட்ட 10 வாட்ஸ் ஆம்பே கொடுத்துவிடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. பெரும்பாலான 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர்களுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97-லிருந்து 100 டெசிபல் வரை வரும். காலையில் சட்னி அரைக்கும் மிக்ஸியைவிட அது அதிகம். ஒரு வாட்டுக்கே இப்படி! படுக்கையறையில் உங்களுக்குத் தேவையானது அதற்கும் கீழே.

'சரி, பெரிய ஆம்பை வாங்கி வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கிறேன்'னு சொல்றீங்களா? நான் அதைத்தான் செய்தேன். ட்யூப் ஆம்பின் அந்தப் புகழ்பெற்ற சத்தம், அது திணறும்போது வருவது. ட்யூபால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக நாம் கேட்கும்போது, அலையின் உச்சி மெதுவாகத் தட்டையாகிறது. அந்த மழுக்கம்தான் காதுக்கு இனிமையான கரகரப்பாக வருகிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் கொஞ்சம் உழைத்தால்தான் குணம் காட்டும். குறைந்த வால்யூமில் ட்யூப் சோம்பலாக உட்கார்ந்திருக்கும். பழைய மாஸ்டர் வால்யூம் இல்லாத மார்ஷலை வீட்டில் 1-ல் வைத்து வாசிப்பது, ஸ்போர்ட்ஸ் பைக்கை பார்க்கிங்கில் முதல் கியரில் உருட்டுவதுபோல.

காதும் இதில் ஒரு விளையாட்டு விளையாடும். குறைந்த சத்தத்தில் நம் காது அடிச்சுரத்தையும் உச்சச் சுரத்தையும் கம்மியாகக் கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து சொன்ன விஷயம் இது. அதனால் வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி 'ஆஹா' என்று செட் பண்ணி வைப்போம். அதே செட்டிங்கோடு காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைக்குப் போனால், அடியில் பூம் பூம் என்றும் மேலே ஊசி குத்துவதுபோலவும் இருக்கும். வீட்டுக்கு ஒரு செட்டிங், மேடைக்கு ஒரு செட்டிங். இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆல்ரவுண்டர் வேணுமா, ஸ்பெஷலிஸ்ட் வேணுமா?

காலையில் ஜாஸ், மதியம் சினிமாப் பாட்டு, ராத்திரி மெட்டல் என்று எல்லாம் ஒரே ஆம்பில் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி, சுத்தமான க்ளீன் ஆம்ப் ஒன்றை வாங்கி, அதற்கு முன்னால் பெடல்களை வைப்பது. வெள்ளைச் சுவர் மாதிரி, எந்த வண்ணமும் அடிக்கலாம். ஃபெண்டர் இங்கே நன்றாகப் பொருந்தும். அதன் குழிந்த நடுப்பகுதியை, நடுவை முட்டித் தள்ளும் ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி பெடல் அழகாக நிரப்பிவிடும். இந்த ஜோடி கிட்டார் உலகின் இட்லி சாம்பார்.

ட்யூபே இல்லாத ரோலண்ட் ஜேசி-120-யும் இந்த ரகம்தான். 1975-ல் வந்தது, ஐம்பது வருஷமாகக் கிட்டத்தட்ட அதே முகம். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு தனித்தனி 60 வாட்ஸ் ஆம்ப், அதன் கோரஸ் எஃபெக்ட் அறை முழுக்க நீந்தும். வாடகைப் பயிற்சிக் கூடங்களில், மேடைகளில் நீங்கள் இதைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். ஒன்று, இதன் சொந்த டிஸ்டார்ஷனை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. பெடல் இல்லாமல் இதன் முன்னால் போய் நிற்காதீர்கள்.

மார்ஷலும் வாக்ஸும் எதிர்த்திசையில் வேலை செய்யும். ஆம்பை முதலிலேயே கரகரப்பில் நிறுத்திவிட்டு, கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழைக் குறைத்து க்ளீனுக்கு வருவது. ரொம்பப் பேர் கிட்டாரின் வால்யூம் குமிழை வாழ்நாள் முழுக்க 10-லேயே வைத்திருப்பார்கள். ஒருமுறை 6-க்கு இறக்கிப் பாருங்கள், ஆம்புக்குள் இன்னொரு ஆம்ப் இருப்பது தெரியும்.

இரண்டாவது வழி, மாடலிங் ஆம்ப். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஃபெண்டர் மாதிரி, மார்ஷல் மாதிரி, வாக்ஸ் மாதிரி நடிக்கும். பத்துப் பதினைந்து வருஷம் முன்பு இதைச் சொன்னால் பெரிய பிளேயர்கள் சிரிப்பார்கள். இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. 2016-ல் வந்த பாஸ் கட்டானா இதில் பெரிய ஹிட். அதன் 50 வாட்ஸ் மாடலில் 12 இன்ச் ஸ்பீக்கர் இருக்கிறது, கூடவே பவரை 25-க்கும், அரை வாட்டுக்கும் இறக்க ஒரு சுவிட்ச். நான் மேலே புலம்பின கணக்கெல்லாம் புரிந்தவர்கள் அந்த அரை வாட்டின் அருமையை உணர்வார்கள். யமஹாவின் டிஹெச்ஆர் வரிசை இன்னும் ஒரு படி மேலே போய், மேடையை மறந்துவிட்டு மேஜை மேல் வைத்து வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஃபெண்டரே 2019-ல் 'டோன் மாஸ்டர்' என்று தன் ட்வினையும் டீலக்ஸையும் டிஜிட்டலில் கொண்டுவந்துவிட்டது. 29 கிலோ ட்வின், டிஜிட்டலில் 15 கிலோ. முதுகுவலி உள்ளவர்கள் அதற்காகவே கட்சி மாறியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ட்யூப் ஆம்ப் 40 வருஷம் கழித்தும் ரிப்பேர் ஆகும், ட்யூபை மாற்றினால் ஓடும். மாடலிங் ஆம்பின் போர்டு போனால் பெரும்பாலும் மொத்த போர்டையே மாற்ற வேண்டியதுதான். இன்னொரு குறை என் அனுபவத்தில் இன்னும் பெரியது. நூறு சத்தம் இருந்தால் நூறையும் திருகிக்கொண்டே இருப்போம், பிராக்டீஸ் நடக்காது. ஓடிடியில் எதைப் பார்ப்பது என்று ஸ்க்ரோல் பண்ணியே தூங்கிப்போவோமே, அதே வியாதி.

அப்போ எதை வாங்குறது?

என் அபிப்ராயத்தைக் கேட்டால், அபார்ட்மென்ட்டில் இருப்பவர், இது முதல் சீரியஸ் ஆம்ப், என்ன டோன் பிடிக்கும் என்று இன்னும் தெரியாது, அப்படியென்றால் பவரைக் குறைக்கும் வசதியுள்ள, 12 இன்ச் ஸ்பீக்கர் மாடலிங் ஆம்ப். ஒரு வருஷம் அதில் எல்லாக் குடும்பத்தின் நடிப்பையும் கேளுங்கள். எந்தச் சத்தத்துக்குக் கை திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனியுங்கள். உங்கள் குடும்பம் எது என்பது அதில் தெரிந்துவிடும்.

அது தெரிந்தவர், வீட்டில் கொஞ்சம் சத்தம் போட இடமிருப்பவர், 15-லிருந்து 20 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் பக்கம் போகலாம். வாக்ஸ் ஏசி15, மார்ஷலின் டிஎஸ்எல்20, பணம் தாராளமாக இருந்தால் டீலக்ஸ் ரிவெர்ப் (லட்சத்தைத் தாண்டும், வீட்டில் பேசி வையுங்கள்). டிஎஸ்எல்20-ல் பவரைப் பாதியாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையின் கணக்குப்படி பாதி என்றால் 3 டெசிபல்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே உதவுவது மாஸ்டர் வால்யூம்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் கிடைக்கும் என்கிற ஐடி மக்களே, உங்களுக்கு ஆம்பே வேண்டாம். ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ஆம்ப் சாஃப்ட்வேர், நல்ல ஹெட்போன். வேலை முடிந்தது. இது தோல்வியே இல்லை. ஆம்ப் வாங்கி அதன்மேல் துணி மடிப்பதுதான் தோல்வி!

அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கே பேசிய எதுவும் உங்களுக்கு இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். எலெக்ட்ரிக்குக் கடுப்பான சத்தத்தை மறைக்க அது நல்லது. அக்கூஸ்டிக்கின் பளபளப்போ அங்கேதான் இருக்கிறது, அதில் செருகினால் போர்வை போர்த்திய மாதிரி கேட்கும். உங்களுக்கு அக்கூஸ்டிக் ஆம்ப் என்று தனி ரகம் உண்டு. அதேபோல எலெக்ட்ரிக் ஆம்பில் பேஸ் கிட்டாரைச் செருகி ஏற்றாதீர்கள், ஸ்பீக்கர் கிழியலாம்.

லோகோ ஒண்ணு, உள்ளே வேற

இந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு மார்ஷல் என்றால் ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன். 2010-லிருந்து ஸவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஸ்வீடன் கம்பெனி அந்தப் பேருக்கு உரிமம் வாங்கி அவற்றைச் செய்தது. 2023-ல் அதே கம்பெனி ஆம்ப் கம்பெனியையே வாங்கிவிட்டது. வாக்ஸ் 1992-லிருந்து ஜப்பானின் கோர்க் கையில். மெசா பூகியை 2021-ல் கிப்சன் வாங்கியது. ஆக, பேரை நம்பி மட்டும் வாங்குவதில் அர்த்தமில்லை.

அதைவிட முக்கியம், ஒரே பிராண்டுக்குள்ளேயே பல ஜாதகம். மார்ஷல் எம்ஜி வரிசையில் ட்யூப் கிடையாது, அது பயிற்சிக்கான டிரான்சிஸ்டர் ஆம்ப். முன்னால் அதே வெள்ளை எழுத்து இருக்கும், ஜேசிஎம்800 சத்தம் இருக்காது. ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன், வாக்ஸ் பாத்ஃபைண்டர் கதையும் இதேதான். மோசமான ஆம்ப் என்று சொல்லவில்லை. எதை எதிர்பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். சுவரில் தொங்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, முதலில் வீட்டில் வாசிக்கப்போகும் அதே மெல்லிய சத்தத்தில் வாசியுங்கள். கடைக்காரர் ஏற்றச் சொல்வார், ஏற்றாதீர்கள். அந்த வால்யூமில் குரல் பிடித்திருந்தால்தான் அடுத்த கட்டம். தரையில் வைத்த ஆம்பின் முன் நின்றுகொண்டு கேட்காதீர்கள், ஸ்பீக்கர் உச்சச் சுரத்தை டார்ச் லைட் மாதிரி நேர்கோட்டில் அடிக்கும். முழங்காலுக்குக் காது இல்லையே! ஒரு முறையாவது ஸ்பீக்கர் உயரத்துக்குக் குனிந்து கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர் கேட்கப்போவது அதைத்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வரவழைக்கும் திட்டம் இருந்தால், இதை மட்டும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஃபோன் சார்ஜர் 100-லிருந்து 240 வோல்ட் வரை எதையும் தாங்கும். பெரும்பாலான ட்யூப் ஆம்ப் அப்படி இல்லை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்கை மாற்றி இங்கே ப்ளக்கில் செருகினால், ஃப்யூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். போதிய திறனுள்ள ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஆன் பண்ணவே கூடாது. அப்புறம், ட்யூப் ஹெட்டை ஸ்பீக்கர் கனெக்‌ஷன் இல்லாமல் ஓட்டக் கூடாது, உள்ளே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். சத்தம் வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரோடு நீங்களே திறக்கவும் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். எர்த் சரியாக இருக்கிற மூன்று பின் சாக்கெட் உங்கள் ரூமில் எது என்று ஆம்ப் வருவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கிட்டார் கம்பி உலோகம், அதைத் தொடுவது உங்கள் விரல்.